சிறையாய் நின்ற மாளிகை

வாரம் முழுதும் அலுவலகத்திற்கும் ஆலைக்கும் பள்ளிக்குமாக மின்வண்டியில் இடிபட்டுச் சென்று வரும் குடும்பம், விடுமுறை நாள் வந்ததும் எங்கேனும் சென்று இளைப்பாறி வர விரும்புதல் இயல்பு. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம்மனோர்க்கு இத்துறையில் குறையொன்றும் இல்லை. படகேறினால் எலிபெண்டாக் குகை; மலையேறினால் மாத்தேரான், லோனாவ்லா; வடக்கு நோக்கிச் சென்றால் வசாய்க் கோட்டை. இவையெல்லாம் நாம் பன்முறை கண்டு களித்த இடங்களே.

எனினும் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று, மதுரையில் திருமலை நாயக்கர் மகாலையும் தஞ்சையில் மராட்டியர் அரண்மனையையும் கண்டு திரும்பிய சிறுவர், "இங்கே அருகில் அரண்மனை ஏதும் இல்லையா?" என்று கேட்பர். உண்டு. சனிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பத்தக்க தொலைவில், புனே நகரத்தின் எரவாடாப் பகுதியில், அகில்யாநகர் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில், சோலை சூழ நிற்கிறது ஆகாகான் அரண்மனை.

முடிசூடிய மன்னர் எவரும் கொலுவீற்றிருந்த இடமன்று அது. அங்கு வாழ்ந்து அதற்குப் புகழ் தேடித் தந்தோர் அனைவரும் கைதிகள். "காந்தியடிகள் சிறையிருந்த மாளிகை" என்றே வழிகாட்டுவோர் அதனைக் கூறுவர். அது மெய்யே. ஆயினும் அதன் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர்க்கு, அம்மாளிகை அடிகளினும் மிகுதியாகக் கஸ்தூரிபா அம்மையாருக்கே உரியது என்பது புலனாகும். அடிகள் உள்ளே சென்றார். ஏறத்தாழ இருபத்தொரு திங்கள் கழித்து வெளியே வந்தார். அம்மையார் உள்ளே சென்றார், திரும்பி வரவில்லை. அவ்வாயிலுக்கு அம்மையார் வந்த வழியோ, நம் தாதர் சிவாசி பூங்கா வழியாகவும், அதற்கு முப்பது ஆண்டுகட்கு முன்னர்த் தமிழ்ப் பெண்கள் சிறையிருந்த தென்னாப்பிரிக்கா வழியாகவும் வந்த வழி. இதனை நம் பிள்ளைகட்கு எடுத்துரைத்தல் நம் கடன்.

மாளிகை எழுந்த வரலாறு

ஆகாகான் என்பது இஸ்மாயிலி முஸ்லிம்களின் சமயத் தலைவருக்கு வழங்கும் பட்டம். அப்பட்டத்தை முதன்முதல் தாங்கிய அசன் அலி ஷா, பாரசீக நாட்டை விட்டு நீங்கி 1840-களில் இந்தியாவுக்கு வந்து, பின்னர்ப் பம்பாயையே தம் இருப்பிடமாகக் கொண்டார். அவருடைய தலைமையைப் பற்றி எழுந்த பெருவழக்கு 1866-ஆம் ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நடந்து அவருக்கு வெற்றியாய் முடிந்தது. 1881-இல் அவர் மறைந்தார். மசகாவ் பகுதியில் அவருடைய கல்லறை மாடமான அசனாபாத் இன்றும் வெண்மையுடன் விளங்குகிறது. ஆகவே ஆகாகான் குடும்பத்தின் கதை நம் நகரத்திற்குப் புதிதன்று.

அவருடைய பெயரர் சுல்தான் முகம்மது ஷா 1877-இல் கராச்சியில் பிறந்தார். 1885-இல், எட்டு வயதும் நிரம்பாத சிறுவராய் இருந்தபோதே மூன்றாம் ஆகாகான் ஆனார். புனேயில் அவர் பெயரால் இம்மாளிகை எழுந்தது 1892-ஆம் ஆண்டில். அந்நாளில் சுற்றுப்புறச் சிற்றூர்கள் பஞ்சத்தால் நலிந்திருந்தன. அம்மக்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்கும்பொருட்டே இப்பணி தொடங்கப்பெற்றது என்று மாளிகையின் வரலாறு கூறும். ஏறத்தாழ 1,000 பேர் 5 ஆண்டுகள் உழைத்தனர் என்றும், 12 இலட்சம் ரூபாய் செலவாயிற்று என்றும் சொல்வர். 19 ஏக்கர் பரப்பில், இத்தாலிய முறையைத் தழுவிய வளைவுகளும், நாற்புறமும் சுற்றிவரும் அகன்ற தாழ்வாரமும், விசாலமான கூடங்களும், புல்வெளிகளுமாக அமைந்தது அம்மாளிகை.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கட்டியவர் பெயர் மாளிகைக்கு நிலைத்தது. பசியோடு வந்து கல் சுமந்தவர் பெயர் எங்கும் பொறிக்கப்பெறவில்லை. நம் குடும்பங்களுள் பலவற்றின் பழங்கதையும் இத்தகையதே அன்றோ? தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையினின்று வந்து தாராவிச் சதுப்பு நிலத்தில் குடியேறிய முன்னோரும் வறுமைக்கும் வறட்சிக்கும் அஞ்சிக் கூலி தேடி வந்தவரே. அவர்தம் உழைப்பால் இந்நகரம் வளர்ந்தது. அவர்தம் பெயர்கள் நம் வீட்டு நினைவில் மட்டுமே வாழ்கின்றன. ஆதலின் ஆகாகான் மாளிகையின் வளைவுகளை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளிடம், அவ்வளைவுகளை எழுப்பிய கைகளைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் நன்று.

பம்பாயில் தொடங்கிய வழி

இம்மாளிகை சிறையான கதை புனேயில் தொடங்கவில்லை; பம்பாயில் தொடங்கியது. 1942 ஆகஸ்டு 8-ஆம் நாள் கோவாலியா குளத்து வெளியில் கூடிய அகில இந்தியக் காங்கிரசுக் குழு, வெள்ளையர் இந்தியாவை விட்டு வெளியேற வேண்டும் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றியது. அவ்விடமே இன்று ஆகஸ்டுக் கிராந்தி மைதானம் எனப் பெயர் பெற்று நிற்கிறது. மறுநாள் 9-ஆம் நாள் பொழுது புலருமுன், பிர்லா மாளிகையில் தங்கியிருந்த காந்தியடிகளைக் காவலர் வந்து கைது செய்தனர். அவருடைய செயலாளர் மகாதேவ தேசாயும் மீராபென்னும் உடன் கைதாயினர். தனி இரயில் வண்டியில் அவர்களை ஏற்றிச் சென்று, புனே நிலையத்தில் மக்கள் திரளக்கூடும் என்றஞ்சி, முன்னதாகவே சிஞ்சுவாடில் இறக்கி, மோட்டார் வண்டியில் ஆகாகான் மாளிகைக்குக் கொண்டு சென்றனர்.

கஸ்தூரிபா அம்மையாரின் பெயர் அன்றைய கைது ஆணையில் இல்லை. விரும்பினால் அவரும் கணவருடன் செல்லலாம் என்று காவல் அதிகாரி கூறினார். உடன் வருதலினும் வெளியே நின்று பணி செய்தலையே தாம் விரும்புவதாக அடிகள் தெரிவித்தார். ஆயினும் முடிவை அம்மையாரிடமே விட்டார். அறுபது ஆண்டுகளாகக் கணவரின் நிழல்போல் வாழ்ந்தவர் என்று உலகம் கருதிய அம்மூதாட்டி, அன்று நிழலாகச் செல்லவில்லை. மாலையில் சிவாசி பூங்காவில் அடிகள் பேசவிருந்த கூட்டத்தில் தாமே பேசப் போவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு அகவை 73. உடல்நலமும் இல்லை.

கூட்டத்திற்குப் புறப்படும் வேளையில் அவரும் மருத்துவர் சுசீலா நய்யாரும் கைது செய்யப்பட்டனர். ஆர்தர் சாலைச் சிறையில் இரு நாள் வைக்கப்பட்டு, 11-ஆம் நாள் ஆகாகான் மாளிகைக்கு அனுப்பப்பட்டனர். நாம் மாலைதோறும் காற்று வாங்கும் சிவாசி பூங்காவும், நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் ஆர்தர் சாலைச் சிறையும் அம்மையாரின் இறுதிப் பயணத்தின் முதற்படிகள் என்பதை நம்மில் எத்தனைபேர் எண்ணியிருப்போம்? புனே செல்லும் குடும்பம், அதற்கு முந்திய மாலை ஒன்றில் சிவாசி பூங்காவில் பிள்ளைகளை நிறுத்தி இதனைச் சொல்லுமாயின், மறுநாட் பயணம் பொருளுடையதாகும்.

வழியும் எரவாடாவும்

புனே செல்ல வழி பல. செம்பூரில் உள்ளோர் மைத்ரி பூங்கா அருகே நின்று பேருந்து ஏறுவர். மாதுங்காவிலும் தாராவியிலும் உள்ளோர்க்குத் தாதர் நிலையமே வாயில். 1930 சூன் 1-இல் ஓடத் தொடங்கிய டெக்கான் குயின் வண்டியில் முந்திய மாலையே ஏறிச் செல்வோரும் உண்டு. எவ்வண்டியில் சென்றாலும் கர்சத்தைக் கடந்ததும் போர்க் கணவாய் மலையேற்றம் தொடங்கும். குகைகளும் பள்ளத்தாக்குகளும் மாறி மாறி வரும் இப்பாதை 1863-இல் திறக்கப்பெற்றது. மலையைக் குடைந்தவர்கள் பல்லாயிரம் தொழிலாளர். காலராவிலும் விபத்திலும் மாண்டோர் மிகப் பலர். பிள்ளைகள் சன்னலோரம் அமர்ந்து குகைகளை எண்ணும்போது, பெரியோர் இதனையும் கூறலாம்.

எரவாடாவை அடைந்ததும் மாளிகைக்குள் புகுமுன், அப்பகுதியின் வேறு இரு இடங்களை அறிந்து கொள்ளுதல் நலம். முதலாவது எரவாடா மத்திய சிறை. காந்தியடிகள் 1922-இலும் 1930-இலும் 1932-இலும் அடைபட்ட சிறை அது. தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித் தொகுதி வழங்கிய அரசின் முடிவை எதிர்த்து 1932 செப்டம்பர் 20-இல் அங்கே அவர் உண்ணாநோன்பு தொடங்கினார். 24-ஆம் நாள் புனே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாகாண சட்டமன்றங்களில் 148 இடங்கள் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பெற்றன. அவற்றுள் சென்னை மாகாணத்திற்கு 30. டாக்டர் அம்பேத்கருடன் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. இராசாவும் இராசாசியும் கையெழுத்திட்டனர். தனித் தொகுதியைக் கைவிட நேர்ந்ததில் அம்பேத்கருக்கு மனநிறைவு இல்லை என்பதையும் வரலாறு மறைப்பதில்லை. ஒப்பந்தத்தின் நன்மை தீமைகளைப் பற்றிய வழக்கு இன்றும் முடியவில்லை. ஆயின் அம்மேசையில் தமிழகத்தின் குரல்களும் இருந்தன என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, அருகிலுள்ள குன்றின்மீது அமைந்த பர்ணகுடி என்னும் இல்லம். அது தாக்கர்சி அம்மையாருக்கு உரியது. 1933 சூன் 16-ஆம் நாள் அவ்வில்லத்தில் ஓர் எளிய திருமணம் நடந்தது. மணமகன் காந்தியடிகளின் இளைய மகன் தேவதாஸ். மணமகள் இராசாசியின் மகள் இலக்குமி. குசராத்தி வைசியக் குடும்பமும் தமிழ் அந்தணக் குடும்பமும் மராட்டிய மண்ணில் சம்பந்தம் செய்துகொண்ட நிகழ்ச்சி அது. கஸ்தூரிபா அம்மையாருக்குத் தமிழ் மருமகள் வந்தாள். பல மொழியினர் ஒரே மாடிப்படியில் ஏறியிறங்கும் காலனியில் வாழும் நமக்கு இது வியப்பாகத் தோன்றாது; அந்நாளில் நாடே வியந்து பேசிய மணம் அது.

முள்வேலிக்குள்

இனி மாளிகைக்குள் செல்வோம். 1942-இல் அதனைச் சுற்றி முள்வேலி இட்டுக் காவல் வைத்தனர். அரண்மனையில் அடைத்தார்களே, அது சிறையா என்று கேட்போர் உண்டு. அதற்கு அடிகளே விடை தந்திருக்கிறார். இவ்வளவு பெரிய மாளிகையும் காவற்படையும் தமக்காகச் செலவிடப்படுதல் ஏழை நாட்டின் பணத்தை வீணாக்குவதாகும் என்றும், தம்மைச் சாதாரணச் சிறைக்கு மாற்றுதல் வேண்டும் என்றும் அவர் அரசுக்கு எழுதினார். கூடங்களின் அகலம் கைதிக்கு விடுதலையாகாது என்பதை அவர் அறிவார்.

மாளிகைக்கு வந்த ஆறாம் நாள், 1942 ஆகஸ்டு 15 அன்று காலை, மகாதேவ தேசாய் மாரடைப்பால் திடீரென்று உயிர்நீத்தார். அவருக்கு வயது 50. கால் நூற்றாண்டாகத் தம்முடன் நிழலாய் இருந்த மகன் போன்ற அவருடைய உடலை அடிகளே நீராட்டினார். மாளிகைத் தோட்டத்திலேயே எரியூட்டினர். அதன்பின் அவ்விடத்திற்கு நாள்தோறும் சென்று மலரிட்டு வணங்குதல் அடிகளின் வழக்கமாயிற்று. ஐந்தாண்டுகள் கழித்து அதே ஆகஸ்டு 15-இல் நாடு விடுதலை பெற்றது. அதனைக் காண மகாதேவர் இல்லை.

1943 பிப்ரவரி 10 முதல் மார்ச்சு 3 வரை 21 நாள் அடிகள் உண்ணாநோன்பு மேற்கொண்டார். அவர் பிழைக்கமாட்டார் என்று நாடே நடுங்கிய நாட்கள் அவை. அந்நாட்களில் அவரைக் காண இசைவு பெற்று வந்தோருள் இராசாசியும் ஒருவர். 'வெளியேறு' இயக்கத்தை ஏற்காமல் 1942-இலேயே காங்கிரசினின்று விலகியவர் அவர். கருத்தில் வேறுபட்டும் உறவிலும் அன்பிலும் வேறுபடாத சம்பந்திகள் இருவரும், இந்து முஸ்லிம் உடன்பாட்டிற்கான திட்டம் ஒன்றை அங்கேயே ஆராய்ந்தனர். பின்னர் 1944-இல் இராசாசி திட்டம் என வெளியாகி நாடெங்கும் பேசப்பட்டது அதுவே.

இப்பெருநிகழ்ச்சிகளுக்கு இடையே அம்மையாரின் நாட்கள் எவ்வாறு கழிந்தன? நூல் நூற்றார், இராமாயணமும் கீதையும் ஓதக் கேட்டார், மகாதேவரின் சமாதிக்குச் சென்று வணங்கினார். மீராபென்னுடனும் பிறருடனும் கேரம் ஆடுவதில் அவருக்கு மகிழ்ச்சி மிகுதி. இளமையில் பள்ளி செல்லாத அவருக்குக் கணவரே ஆசிரியராகிக் குசராத்தியும் பூகோளமும் கற்பித்தார். எழுபத்து நான்காம் வயதில், சிறையில், மாகாணங்களின் பெயர்களை நினைவில் இருத்த முயன்ற அம்மூதாட்டியை நம் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும். பாடம் மறந்துபோவது அவருக்கும் உண்டு என்பதைக் கேட்டால் அவர்கட்கு ஆறுதலும் பிறக்கும்.

1943-ஆம் ஆண்டின் இறுதியில் நெஞ்சு நோய் அவரை வாட்டத் தொடங்கியது. விடுதலை கிடைக்கவில்லை. உறவினர் வந்து காண்பதற்கும் மருத்துவர் வருவதற்கும் அரசின் இசைவை எதிர்நோக்க வேண்டியிருந்தது. இறுதியில், அந்நாளில் கிடைத்தற்கரிய புதுமருந்தாயிருந்த பெனிசிலினை மகன் தேவதாஸ் கல்கத்தாவிலிருந்து விமானத்தில் வருவித்தார். சில மணி நேரத்திற்கு ஒருமுறை ஊசி குத்தி, போகும் உயிரைத் துன்புறுத்த வேண்டா என்றார் அடிகள். தேவதாஸ் மனம் வருந்திப் பணிந்தார். தந்தை கூறியது முறையா, மகன் விரும்பியது முறையா என்று இன்றும் வாதிடுவோர் உளர். நோயுற்ற முதியோரை வீட்டில் வைத்துப் பேணும் எக்குடும்பமும் எளிதில் தீர்ப்புக் கூற இயலாத கேள்வி அது.

1944 பிப்ரவரி 22, சிவராத்திரி நாள். மாலை 7 மணி 35 நிமிடத்திற்குக் கணவரின் மடியிலே அம்மையாரின் உயிர் பிரிந்தது. பொதுமக்கள் கூடும் இறுதி ஊர்வலத்திற்கு அரசு இசையவில்லை. உறவினரும் நண்பருமாக நூற்றைம்பது பேர் அளவில் உள்ளே வர இசைவு தந்தது. அடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த புடைவையை அம்மையாருக்கு அணிவித்தனர். மகாதேவரின் சமாதிக்கு அருகில் தேவதாஸ் எரியூட்டினார். முந்திய ஆண்டு உண்ணாநோன்பில் அடிகள் இறந்துபடக்கூடும் என்றெண்ணி அரசு வாங்கி வைத்திருந்த சந்தனக் கட்டைகளே அம்மையாருக்குப் பயன்பட்டன என்பர். சாம்பலைத் திரட்டியபோது அவர் அணிந்திருந்த ஐந்து கண்ணாடி வளையல்களும் உடையாமல் கிடந்தன என்று உடனிருந்தோர் எழுதியுள்ளனர். அறுபத்திரண்டு ஆண்டு இல்லறம் அத்தோட்டத்தில் முடிந்தது. மலேரியாவால் நலிந்த அடிகள் 1944 மே 6-ஆம் நாள் விடுவிக்கப்பட்டார், தனியே வெளியேறினார். சில நாள் பர்ணகுடியில் தங்கி, பின் சூகூக் கடற்கரையில் உடல் தேற நம் நகரத்திற்கே வந்தார்.

சிறைக்கு முன் ஒரு சிறை

அம்மையாருக்குச் சிறை எங்கே பழக்கமாயிற்று? முதல் பாடத்தை அவர் கற்ற இடம் தென்னாப்பிரிக்கா. 1913 மார்ச்சுத் திங்களில் கேப் மாகாண நீதிமன்றம், கிறித்தவ முறைப்படி நடவாத, பதிவும் பெறாத திருமணங்கள் செல்லா என்று தீர்ப்பளித்தது. தாலி கட்டி வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஒரே நாளில் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லர் ஆயினர். அதனோடு, ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்று தவணை முடிந்தவர் மீது ஆண்டுக்கு 3 பவுன் தலைவரியும் நேட்டாலில் சுமத்தப்பட்டிருந்தது. அவ்வாறு சென்றோருள் தமிழர் மிகப் பலர்.

1913 செப்டம்பரில் கஸ்தூரிபா உள்ளிட்ட பதினாறு பேர் எல்லை கடந்து கைதாயினர். மூன்று திங்கள் கடுங்காவல் தண்டனை பெற்று அம்மையார் மாரிட்சுபர்க் சிறைக்குச் சென்றார். அதனை அடுத்து டிரான்சுவாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தையோடு சென்றோரும் உண்டு. சுரங்கங்கள் நின்றன, நவம்பரில் ஈராயிரத்திற்கு மேற்பட்ட தொழிலாளர் அடிகளின் பின்னே எல்லை நோக்கி நடந்தனர். அப்பெண்களும் கைதாகி அதே மாரிட்சுபர்க் சிறைக்கு அனுப்பப்பட்டனர். மொழி தெரியாத குசராத்தி அம்மையாரும் நம் தமிழ்த் தாய்மாரும் ஒரே சிறையின் களியைத் தின்று நாள் எண்ணினர்.

டிசம்பரில் அச்சிறைக்கு மற்றொரு தமிழ்ச் சிறுமி வந்தாள். அவளே தில்லையாடி வள்ளியம்மை. சோகனசுபர்க் நகரில் 1898 பிப்ரவரி 22-ஆம் நாள் பிறந்தவள். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி அவள் தாயின் ஊர். அவள் அதனைக் கண்டதில்லை. சிறையில் காய்ச்சல் கண்டது. முன்னதாக விடுவிக்க முன்வந்தபோதும் மறுத்தாள். எலும்பும் தோலுமாய் வெளிவந்தவளைக் கண்ட அடிகள், சிறை சென்றதற்கு வருந்துகிறாயா என்று வினவினார். வருந்தவில்லை, மீண்டும் செல்லவும் ஆயத்தம் என்னும் கருத்துப்பட விடையிறுத்தாள் அவள். 1914 பிப்ரவரி 22-ஆம் நாள், பதினாறு ஆண்டு நிறைந்த அன்றே மறைந்தாள். அவ்வாண்டிலேயே வந்த சட்டம் தலைவரியை நீக்கி, திருமணங்களை ஏற்றுக்கொண்டது.

நாளைக் கவனியுங்கள். வள்ளியம்மை மறைந்தது பிப்ரவரி 22. சரியாக முப்பது ஆண்டுகள் சென்றபின் கஸ்தூரிபா மறைந்ததும் பிப்ரவரி 22. நாட்களின் ஒற்றுமைக்குப் பெரும்பொருள் கற்பிக்க வேண்டா, அது தற்செயலே. ஆனால் இருவரையும் இணைத்த போராட்டம் தற்செயலன்று. ஒரே சிறையின் வாயிலில் புகுந்து ஒருத்தி பதினாறில் உயிர் கொடுத்தாள். மற்றவர் அங்கே கற்ற உறுதியோடு எழுபத்து நான்கில் உயிர் கொடுத்தார். ஆகாகான் மாளிகைத் தோட்டத்தில் நிற்கும் தமிழ்க் குடும்பம், அயலார் வீட்டு வரலாற்றைக் காண வந்த விருந்தினர் அன்று. தன் வீட்டுப் பெண்ணின் தோழியைக் காண வந்த உறவினர்.

இன்றைய மாளிகை

மூன்றாம் ஆகாகான் 1957-இல் மறைந்தார். அவருக்குப் பின் தலைமை ஏற்ற நான்காம் ஆகாகான், காந்தி நூற்றாண்டான 1969-இல் இம்மாளிகையை இந்திய மக்களுக்கு நன்கொடையாக அளித்தார். 2003-இல் இந்தியத் தொல்லியல் துறை இதனை நாட்டுச் சிறப்புடைய நினைவுச் சின்னமாக அறிவித்தது. அடிகள் இருந்த அறையும், அவர்கள் கையாண்ட எளிய பொருள்கள் சிலவும், படங்களும் காட்சிக்கு உள்ளன. தோட்டத்தின் ஒரு புறத்தில் அம்மையாரின் சமாதியும் மகாதேவரின் சமாதியும் அருகருகே அமைந்துள்ளன. அந்நினைவிடத்தை 1960-களில் வடிவமைத்தவர் நம் பம்பாயின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லசு கொரியா. மாளிகையின் ஆடம்பரத்திற்கு எதிர்நிலையாக, அடக்கமே அதற்கு அழகாய் விளங்குகிறது.

வள்ளியம்மைக்கும் பிற்காலத்தார் நினைவு செய்தனர். தில்லையாடியில் நினைவு மண்டபம் உண்டு. 2008-இல் அஞ்சல்தலை வெளியாயிற்று. சென்னை எழும்பூரில் கைத்தறி நெசவாளரின் கோ-ஆப்டெக்சு நிறுவனத்தின் தலைமை இல்லத்திற்குத் 'தில்லையாடி வள்ளியம்மை மாளிகை' என்றே பெயர். கடல் கடந்து சென்றவர் மகளுக்கும் மாளிகை உண்டு. அது நெசவாளரின் மாளிகை.

ஆதலின், சங்கத்து அன்பர்களே, இவ்வாண்டு புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு புனே செல்லும் குடும்பங்கள், இயன்றால் பிப்ரவரித் திங்களின் பிற்பகுதியில் செல்லுக. அந்நாளில் வெயிலும் கடுமையன்று. கூடங்களைப் பிள்ளைகள் ஓடியாடிப் பார்க்கட்டும். புல்வெளியில் அமர்ந்து உண்ண இசைவுள்ள இடத்தில் உண்ணுங்கள். பின்னர்ச் சமாதிகளின் அருகே சென்று, இரு பெயர்களைப் பிள்ளைகள் வாயால் சொல்லச் செய்யுங்கள். ஒன்று அங்கே எழுதப்பட்டிருக்கும், கஸ்தூரிபா. மற்றொன்று அங்கே எழுதப்படவில்லை, அதனை நாம்தான் கொண்டு செல்ல வேண்டும், வள்ளியம்மை.

பிழைப்புத் தேடி வந்த ஊரில் பிறந்து வளரும் நம் மக்களுக்குத் தில்லையாடி தெரியாதிருக்கலாம். வள்ளியம்மைக்கும் அது தெரியாது. கண்டறியாத ஊரின் பெயரைத் தாங்கி, பிறந்த மண்ணின் நீதிக்காக உயிர் கொடுத்தவள் அவள். ஊர் மாறினும் மொழி பல சூழினும் மானம் மாறாது வாழலாம் என்பதற்கு அவளினும் சிறந்த சான்று நம் பிள்ளைகட்கு வேறென்ன வேண்டும்?